மர்யி குடும்பத்துப் பக்கம்

திரிப்போலி
3 ஆகஸ்ட் 2023

ஹஸ்னா அக்காவுக்கு,

ரித்வான் எழுதுகிறேன். நம் தகப்பன்மார் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை மறந்து நாம் மூன்று வருஷம் ஓட்டிவிட்டோம். போனில் என் நம்பரை நீ இன்னும் பூட்டி வைத்திருக்கிறாய். அதனால்தான் வேன்காரர் ஹம்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி. மூட்டையை அவிழ்க்காமல் சரக்கு மட்டம் என்று சொல்கிறவனை என் கடையில் நான் ஏற விடுவதில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கைஸ் படகில் ஏறப் போகிறான். பைக்கை விற்றுவிட்டான். கடல் அடங்கியிருக்கும்போதே, ஆலிவ் பறிப்புக்கு முன்னால், இத்தாலிக்கு. "ஏன்டா?" என்றேன். "இங்க நான் இல்லப்பா. இல்லாதவன் எங்க போனா உங்களுக்கு என்ன?" என்கிறான். இருபது வயசுப் பையன் சொல்வது பொய்யும் இல்லை. அவன் அம்மா அசல் லெபனான்காரி. ஆனால் இந்த நாட்டில் பிள்ளை தகப்பன் கணக்கில்தான் சேரும். தகப்பன் நான் எந்தக் குடிமக்கள் கணக்கிலும் இல்லை. இத்தனை வருஷம் பழைய துணி மூட்டை தூக்கி நானே உண்டாக்கிய கடை, அதுவும் அவள் பேரில்.

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். பிரெஞ்சுக்காரன் காலத்தில், முப்பத்திரண்டாம் வருஷம் எடுத்த தலைக்கணக்கில் தாத்தா மர்யியின் குடும்பப் பக்கத்தை எடுத்துக் கோர்ட்டில் வைத்து, உன் ரத்தமும் என் ரத்தமும் ஒன்று என்று பரிசோதனையில் காட்டினால், அப்பா அந்த வீட்டில் பதிவில் விட்டுப்போன பிள்ளை என்று எழுதிவிடலாமாம். அப்பா எழுதப்பட்டால் நான். நான் எழுதப்பட்டால் கைஸ்.

பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் நல்ல மனுஷன்தான்.

"யாரோட பக்கம் வேணும்?"

"எங்க தாத்தாவோடது."

"அதுல உங்க பேர் இருக்கா?"

"இல்லைங்கறதுக்குத்தானே வந்திருக்கேன்."

"பேர் இருக்கறவங்க கேட்டாத்தான் நகல் தர முடியும். இல்லாதவருக்கு நான் எந்தக் கணக்குல தர்றது, சொல்லுங்க."

பக்கத்து நாற்காலியில் பிரேசிலிலிருந்து ஒருவர், ஏலக்காய் போட்ட காபி குடித்துக்கொண்டு, தன் முப்பாட்டனுக்கு எத்தனை பெண்டாட்டி என்று பார்த்துக்கொண்டிருந்தார். வம்சாவளி வரைந்து வீட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறாராம். அவருக்கு அரபியில் சலாம் தவிர ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் அவருக்கு ஆள் இருக்கிறது.

எல்லாம் அந்த மாவுத்தொட்டியால் வந்தது. கணக்கெடுக்க வந்தவனை ராணுவத்துக்கு ஆள் பிடிக்க வந்தவன் என்று நினைத்துத் தாத்தா அப்பாவைத் தொட்டிக்கு அடியில் கவிழ்த்து மூடினார். கைக்குழந்தையை யார் பிடிப்பார் என்று உன் அப்பாவை மட்டும் காட்டினார். அவனோ கைக்குழந்தைக்கு அஞ்சு வயசு போட்டுவிட்டுப் போனான். அந்தப் புண்ணியத்தில் சித்தப்பா ரோடு வேலையிலிருந்து சீக்கிரமே பென்ஷன் வாங்கி அத்திமரத்தடியில் சீட்டாடினார். என் அப்பாவுக்குக் கிடைத்தது அந்த அதிகாரியின் தங்கப்பல் ஞாபகம் மட்டும். சாகும்வரை அதையே சொன்னார்.

அந்தப் பக்கத்தைக் கேட்க உரிமை உள்ளவள் உயிரோடு நீ ஒருத்திதான். ஒரு நாள் வேலை. போய்க் கேள், அக்கா.

ரித்வான்


ஐன் தீனா
9 ஆகஸ்ட்

ரித்வான்,

கிழிக்கவில்லை. ஹம்தான் வாசலில் நின்று நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் நீ சொல்லித்தான் அனுப்பியிருப்பாய்.

மூன்று வருஷம் முன்னால் இதே வாசலில் நீ நின்றாய். என் வஸீம் படகில் போய் நாற்பது நாள்கூட முழுசாக ஆகவில்லை. ஊரே "வந்துடுவான், போன் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நீ மட்டும் என்ன சொன்னாய்? "அக்கா, வரமாட்டான். ஜனாஸா தொழுதுடுவோம். மனசு ஆறும்." இறந்தவனுக்குத் தொழுகிற தொழுகையை, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய். சரக்கு நஷ்டம், எழுதித் தள்ளு என்று சொல்கிற மாதிரி.

இப்போது உன் பிள்ளைக்குப் படகு என்றதும் அக்கா ஞாபகம் வந்தாளா?

பையனைக் கட்டிப்போடு. நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். பக்கத்தைக் கேட்க என்னால் ஆகாது. காரணம் கேட்காதே.

ஹஸ்னா


திரிப்போலி
12 ஆகஸ்ட்

அக்கா,

நான் சொன்னது பொய் என்று நீ எழுதவில்லை, கவனித்தேன். சொன்ன நேரம் தப்பு. எனக்கு நேரம் பார்த்துப் பேச வராது. என் பெண்டாட்டியைக் கேள், சொல்வாள்.

காரணம் கேட்காதே என்கிறாய். வியாபாரி மகனிடம் அப்படிச் சொன்னால் அவன் காரணத்தை மட்டும்தான் கேட்பான். கேட்டுப் பார்த்தேன், எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. ஆலிவ் தோப்பு. தாத்தா தோப்பு முழுக்க உன் அப்பா பேரில் வந்தது, எழுதப்படாதவனுக்கு நிலம் கிடையாது என்பதால். நான் எழுதப்பட்டால் பாதி கேட்பேன் என்று பயப்படுகிறாய்.

அப்படியானால் உடைத்துச் சொல். கோபப்பட மாட்டேன். ஒரு மரம் வேண்டாம், ஒரு காய் வேண்டாம். நீ சொல்கிற வார்த்தையில், நீ கூப்பிடுகிற சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போடுகிறேன். எழுதப்படாதவன் கையெழுத்து செல்லாது என்று சிரிக்காதே. எழுதப்பட்ட அன்றைக்கு முதல் கையெழுத்தாக அதைப் போடுகிறேன்.

கைஸ் சாப்பிடுகிறான், தூங்குகிறான், என்னோடு பேசுவதில்லை. நேற்று கடையில் நீச்சல் உடுப்பு மூட்டை ஒன்று வந்தது. அவன் உள்ளே இருந்து ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துப் பிடித்துப் பார்த்து, "இது அசலாப்பா?" என்று கேட்டான். அதுதான் இந்த வாரம் அவன் என்னிடம் பேசிய பேச்சு. கட்டிப்போடச் சொல்கிறாய். எதால் கட்ட?

அவனுடைய போட்டோ நாலு இத்தோடு வைத்திருக்கிறேன். நீ மனசு மாறினால் மனுவுக்கு வேண்டியிருக்கும். மாறாவிட்டாலும் முகத்தைப் பார்த்துக்கொள்.

ரித்வான்


ஐன் தீனா
20 ஆகஸ்ட்

ரித்வான்,

தோப்பு என்று நீ நினைத்துக்கொண்டே இருந்திருக்கலாம். பேராசைக்காரி என்ற பேர் எனக்குப் பாரமில்லை. ஆனால் போட்டோவை அனுப்பிவிட்டாய். அலமாரியில் வைத்தேன், மறுபடி எடுத்தேன். அந்த மூக்கு நம் வீட்டு மூக்கு. பொய் சொல்லிக்கொண்டு அதைப் பார்க்க முடியவில்லை.

தொட்டிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த பிள்ளைக்கு அதிகாரியின் தங்கப்பல் எப்படித் தெரிந்தது? இத்தனை வருஷம் நீ அதைக் கேட்கவே இல்லையே. விலையில் அரைக்காசு தப்பினால் கண்டுபிடிக்கிற ஆள்.

யாரும் ஒளிக்கப்படவில்லை. கணக்கெடுக்க வந்த அன்று தாத்தாவுக்கு ஒரே பிள்ளை, அஞ்சு வயசு. முன்னால் நின்றான். அதிகாரி அவன் காதைத் திருகிச் சிரித்துக்கொண்டே எழுதினான். அதில்தான் பல் தெரிந்தது. எழுதிய பேர் ஃபயாத். என் அப்பா இல்லை அது. உன் அப்பா.

அடுத்த குளிர்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு சாகக் கிடந்தான். மரணம் அந்தப் பேரைத் தெரிந்துகொண்டு வந்துவிட்டது என்று பேரை மாற்றினார்கள். ஓநாயை மரணமும் தொடாது என்று "தீப்" என்று வைத்தார்கள். பிழைத்தான். அப்புறம் இரண்டாவது பிள்ளை பிறந்தான். ஃபயாத் என்பது தாத்தாவின் அப்பா பேர், வீட்டில் விழாமல் இருக்கணும். சும்மா கிடந்த பேரைச் சின்னவனுக்கு வைத்தார்கள். பேரோடு, கணக்கெடுப்பில் கிடைத்த அடையாளச் சீட்டையும் கொடுத்துவிட்டார்கள். சீட்டு பேருடையது, ஆளுடையது இல்லை என்றுதான் தாத்தா நினைத்தார். அது தப்பு என்று தெரிந்தபோது என் அப்பா அந்தச் சீட்டை வைத்து வேலையில் சேர்ந்துவிட்டார். வெளியே சொல்ல ஒரு கதை வேண்டியிருந்தது, மாவுத்தொட்டி வந்தது.

உன் அப்பாவுக்குத் தெரியும். "தம்பி சாப்பிடட்டும்" என்றாராம். என் அப்பா கடைசியில் படுத்திருந்தபோது என்னிடம் சொல்லி அழுதார்.

அந்தப் பக்கம் கோர்ட்டுக்குப் போனால் யாராவது ஒரு கெட்டிக்காரன் வயசைக் கூட்டிப் பார்ப்பான். என் அப்பா அடுத்தவர் சீட்டில் வாழ்ந்தவர் என்பான். அப்போது நான் யார்? இன்னொன்றும் உண்டு. அந்தப் பக்கத்தில் என் பேரைப் பிடித்து என் புருஷன் வீட்டுப் பக்கத்துக்கும் வருவார்கள். ஒவ்வொருவராக எங்கே என்று கேட்பார்கள். வஸீம் எங்கே என்பார்கள். சீட்டில் அவன் இன்னும் என் வீட்டில் இருக்கிறான், ரித்வான். அங்கே மட்டும்தான் இருக்கிறான்.

ஹஸ்னா


திரிப்போலி
22 ஆகஸ்ட்

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். வாடிக்கைக்காரி ஒருத்தி ஸ்வெட்டருக்கு விலை கேட்டாள். சும்மா எடுத்துக்கொண்டு போ என்றேன். பயந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உன் மேல் கோபம் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பா மேல் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும்.

இப்போது வியாபாரியாக யோசித்தேன், கேள். உன் அப்பா என் அப்பாவின் பிறப்பை எடுத்துக்கொண்டார். நான் உன் அப்பாவின் பிறப்பை எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஃபயாத் என்று ஒரு பிள்ளை, அது உன் அப்பா, அதில் யாரும் கை வைக்க வேண்டாம். தீப் என்பவர் கணக்கெடுப்புக்கு அப்புறம் பிறந்த சின்னவர், பதிய மறந்துவிட்டார்கள். ரத்தம் இரண்டு வழியிலும் ஒன்றாகத்தானே காட்டும்? செத்தவர்கள் அண்ணன் தம்பி மாறிக்கொண்டால் எந்தக் கோர்ட்டுக்கு என்ன நஷ்டம்?

வஸீம் எங்கே என்று கேட்டால் வெளிநாட்டில் என்று சொல். நானும் அப்படியே சொல்கிறேன். நான் வேறு மாதிரி சொன்ன அந்த நாளை நீ எடுத்துக் கடலில் போடு.

வக்கீல் மனுவைத் தாக்கல் செய்துவிட்டார். இனி பக்கம் மட்டும்தான் பாக்கி. சீக்கிரம், அக்கா. அவன் நண்பர்கள் இரண்டு பேர் ஊரில் காணவில்லை.

ரித்வான்


ஐன் தீனா
30 ஆகஸ்ட்

தம்பி,

நீ சொன்ன மாற்று எனக்குப் பிடித்தது. தாத்தாவுக்கும் பிடித்திருக்கும்.

நேற்றுப் போனேன். ஜன்னல் வரைக்கும் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருத்தி தன் பிள்ளை இறந்ததைப் பதிந்துகொண்டிருந்தாள். அந்த மனுஷன் "தேதி சொல்லுங்கம்மா, தேதி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மறுபடி போகிறேன். திட்டாதே. கட்டாயம் போகிறேன்.

ஹஸ்னா


திரிப்போலி
5 செப்டம்பர்

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான். அம்மா தலையணைக்கு அடியில் போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

உயிரோடு இருக்கிறான், முதலில் அதைப் படி. சைப்ரஸுக்குப் பக்கத்தில் படகை மறித்து எல்லாரையும் திருப்பிக் கொண்டுவந்து துறைமுகத்தில் இறக்கியிருக்கிறார்கள். லெபனான் சீட்டு காட்டியவர்களை அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் சிரியாக்காரர்களாம். நாளை மத்தியானம் லாரியில் ஏற்றி எல்லையில் தள்ளப் போகிறார்கள். எங்கள் வட்டாரத் தலைவர், முக்தார், எழுதிய காகிதத்தைக் காட்டினேன். "இதை நீங்களே எழுதியிருக்கலாம்" என்றான் ஒரு சின்னப் பையன், கைஸ் வயசுதான் இருக்கும். என் பிள்ளை சிரியாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அங்கே அவனுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது. எல்லையில் இறங்கியதும் அந்தப் பக்கத்து ராணுவம் பிடித்துக்கொள்ளும். எழுதப்படாதவன் காணாமல் போனால் யாரிடம் போய் யாரைத் தேடுவது?

வக்கீல் போனை எடுக்கவில்லை. உனக்கும் அடித்துப் பார்த்தேன். பூட்டு அப்படியே இருக்கிறது.

அந்தப் பக்கம் கிடைத்ததா? கிடைத்திருந்தால் அதையாவது கொடுத்தனுப்பு. அது என்னத்துக்கு ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. கையில் ஏதாவது ஒரு காகிதம் வேண்டும் எனக்கு. வாசலிலேயே நிற்கிறேன். ஹம்தானை வண்டியைத் திருப்பி வரச் சொல்லியிருக்கிறேன்.

ரித்வான்


ஐன் தீனா
9 செப்டம்பர்

தம்பி,

இதைப் போனில் சொல்ல முடியாது. படித்ததும் அடுப்பில் போடு.

அவன் இங்கே இருக்கிறான். நல்லா இருக்கிறான். உதடு மட்டும் வெயிலில் வெடித்திருக்கிறது.

அன்று துறைமுக வாசலில் உன்னைத் தாண்டி நடந்தேன். "அக்கா" என்று எழுந்தாய். யாரோ மாதிரிப் போனேன். அதற்கு என்னைத் திட்டிக்கொள், ஆனால் நின்றிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

உன் கடிதம் வந்தபோது அந்தப் பக்கம் என் கையில் இல்லை. எங்கள் ஊர் முக்தாரிடம் போனேன். என் மகன் வஸீமுக்குத் தனிச் சீட்டு வேண்டும், போட்டோ இது என்று நீ அனுப்பிய படத்தை வைத்தேன். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உம்மு வஸீம், பையன் ரொம்ப மாறிட்டான்."

"வெயில்."

"கறுத்துட்டான்னு சொல்றியா?"

"முத்திரையக் குத்துங்க, அபூ ஸலீம்."

குத்தினார். மறுநாள் காலையில் அலுவலக ஜன்னலுக்கு அந்தக் காகிதத்தோடு போனேன். எனக்குப் பேர் இருக்கிறது, எனக்குத் தருவார்கள். "பையன் ஊர்லதான் இருக்கானா?" என்று கேட்டார். "இருக்கான். வீட்ல தூங்கறான்" என்றேன். மூன்று வருஷத்தில் அதைச் சொன்னதே இல்லை. சொல்ல எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமா?

துறைமுகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார்கள். கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். குரல் எப்படி வந்தது என்று கேட்காதே. ஓரத்தில் ஒரு தலை திரும்பியது. என்னைப் பார்த்தான். உன் பிள்ளைக்கு மூளை இருக்கிறது. எழுந்து வந்து, "மன்னிச்சிடும்மா" என்றான்.

"நேத்து வேற பேர் சொன்னானே?" என்றான் அதிகாரி.

"வஸீம்ங்கறது அப்பன் வெச்ச பேர். செத்துப்போன அப்பன் மேல இன்னும் கோவம், சொல்லமாட்டான்" என்றேன். பாவம் என் புருஷன், கபரில் கிடந்தும் பேச்சு வாங்குகிறார்.

இப்போது நன்றாகக் கேள். மனுவைத் திரும்ப வாங்கிவிடு. அந்தப் பக்கத்தை இனி யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் என் பேர் வழியாக வஸீமிடம் வருவார்கள், யார் வஸீம் என்பார்கள். உனக்குச் சீட்டு கிடையாது என்று ஆகிவிட்டது, தெரியும். உன் மகன் உன் மகனாக எந்தக் காகிதத்திலும் இருக்கமாட்டான், அதுவும் தெரியும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. உன் அப்பாவின் பேரை என் அப்பா எடுத்துக்கொண்டார். என் பிள்ளை பேரை உன் பிள்ளை வைத்துக்கொள்ளட்டும்.

என் பிள்ளை என்றாவது வந்துவிட்டால் ஒரே சீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். நம் வீட்டுக்கு அது புதுசா?

ஹஸ்னா


திரிப்போலி
24 செப்டம்பர்

அக்கா,

மனுவை வாங்கிவிட்டேன். "ஜெயிக்கற கேஸ், பைத்தியமா உங்களுக்கு?" என்றார் வக்கீல். ஆமாம் என்றேன்.

பழைய தலைக்கணக்குப் பக்கங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறக்கப் போவதாகச் சந்தையில் பேச்சு. பிரேசில்காரர்கள் போன்றவர்கள் கேட்கிறார்களாம். போன மாசம் என்றால் கடையில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்திருப்பேன். இப்போது ஒவ்வொரு தொழுகையிலும், அது திறக்காமல் இருக்கணும் என்று கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். இங்கே இன்னும் என்னை அபூ கைஸ், கைஸின் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கைஸ் எங்கே என்று கேட்டால், படகில் போனான், தகவல் இல்லை என்கிறேன். வேறென்ன சொல்ல? நேற்று பக்கத்துக் கடை மாமூன் வந்தான். செருப்போடு வாசலில் நின்றான். "அபூ கைஸ், வரமாட்டான். ஜனாஸா தொழுதுடுவோம், மனசு ஆறும்" என்றான். நல்லவன், மறைக்கத் தெரியாதவன். அவனை என்ன சொல்லித் துரத்த? துரத்தினால் ஏன் என்பார்கள். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகிறார்கள். கைஸ் அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் நடிக்க வேண்டியதில்லை, மகனை வீட்டுக்குக் கூப்பிட முடியாது என்ற அழுகையே அவளுக்குப் போதும். நான் முன்வரிசையில் நிற்கணும். இமாம் கைஸ் என்று சொல்வார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எப்படித் தொழுவது?

யாருக்குத் தொழுகிறேன் என்ற நிய்யத் என் மனசுக்குள் இருக்கிறது, அதை யாரும் பார்க்க முடியாது. வஸீமுக்குத் தொழுகிறேன், அக்கா. நீ சம்மதித்தால். செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்கிறேன்.

ரித்வான்


ஐன் தீனா
27 செப்டம்பர்

தம்பி,

தொழு.

மலையில் குளிர் ஆரம்பித்துவிட்டது. உன் கடையிலிருந்து பையனுக்கு ஒரு கோட்டு அனுப்பு. வஸீமுடையது தோளில் பிடிக்கிறது.

ஹஸ்னா